காரணச் சான்றிதழ்

விருத்தாசலம் வட்டார வேலையற்ற பட்டதாரிகள் சங்கத்துக்கு இருபத்தேழு வருடங்களாகக் கலியமூர்த்திதான் செயலாளர். அந்த ஊரில் இவ்வளவு நிரந்தரமான உத்தியோகம் வேறு யாருக்கும் இருந்ததில்லை. மாற்றல் கிடையாது, ஓய்வு வயது கிடையாது, மேலதிகாரி கிடையாது. சம்பளமும் கிடையாது என்பது ஒன்றுதான் குறை. அதை அவர் மனைவி சுகந்தி, அங்கன்வாடியில் ஊர்க் குழந்தைகளுக்கு மூக்கைத் துடைத்துவிட்டுச் சம்பாதித்துக்கொண்டு வந்தாள்.

அரசாங்கத்தைத் திட்டுவதில் கலியமூர்த்தி ஒரு ஒழுங்கு வைத்திருந்தார். காலையில் டீக்கடையில் மத்திய அரசு. மதியம் சங்க அலுவலகத்தில் மாநில அரசு. சாயங்காலம் நடந்துபோகிற வழியில் நகராட்சி. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் மூன்றையும் சேர்த்து. ஆட்சி மாறினால் பெயர்களை மட்டும் மாற்றிக்கொள்வார். வாக்கியங்கள் அப்படியே பொருந்தும். ஒருமுறை பெயரை மாற்ற மறந்து, தோற்றுப்போன கட்சியையே மூன்று மாதம் திட்டிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை.

அவருடைய பேச்சின் உச்சம் ஒரு கதை. கையை உயர்த்தி, குரலை இறக்கி, "என் பெயரை வெட்டினார்கள்" என்று ஆரம்பிப்பார்.

இருபத்துநான்கு வருடங்களுக்கு முன்பு, வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்புப்படி காலியிடங்களை நிரப்பச் சொல்லி, விருத்தாசலம் ஜங்ஷனில் அவர் தலைமையில் ரயில் மறியல் நடந்தது. போலீஸ் எல்லோரையும் பிடித்து ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்து, தக்காளி சாதம் போட்டு, சாயங்காலம் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டுவிட்டது. அதுதான் வழக்கம். கலியமூர்த்தி மட்டும் கையெழுத்துப் போட மறுத்தார். தக்காளி சாதத்தை மறுக்கவில்லை. இருபத்திரண்டு நாள் சிறை. அந்த இருபத்திரண்டு நாட்களுக்குள் அரசாங்கம் பணிந்தது. வட்டாரத்தில் நாற்பத்து மூன்று பேருக்கு இளநிலை உதவியாளர் பணி ஆணை வந்தது. பதிவு மூப்பில் மூன்றாவதாக இருந்த கலியமூர்த்திக்கு மட்டும் வரவில்லை. மாலையும் கழுத்துமாக வெளியே வந்தவரை வரவேற்க அந்த நாற்பத்து மூன்று பேரில் ஒருவரும் இல்லை. எல்லோரும் வேலையில் சேரப் போயிருந்தார்கள்.

போராட்டத்துக்குத் தலைமை தாங்கியதற்காக அரசாங்கம் பழிவாங்கிவிட்டது என்பது அவருக்கு அன்றே விளங்கிவிட்டது. அதற்குப் பிறகு வேறு எதுவும் விளங்க வேண்டிய அவசியமே வரவில்லை. அந்த ஒரு வரியில் அவர் வாழ்க்கை முழுவதும் உட்கார்ந்துகொண்டது.

இந்த நிலையில்தான் காரணி வந்தது.

வேலையில்லாதவர்கள் கூட்டம் கூட்டமாகத் தன்னையே குறை சொல்வதில் சலித்துப்போன ஒரு அரசாங்கம், "பேச்சு வேண்டாம், கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்" என்று சட்டம் கொண்டுவந்தது. காரணப் பகிர்வு ஆணையம் என்று ஒன்று அமைந்தது. அதன் இயந்திரத்துக்குக் காரணி என்று பெயர். ஒருவரது பள்ளி மதிப்பெண் முதல் பேருந்துப் பயணம் வரை, கைப்பேசி அழைப்பு முதல் மருத்துவமனைச் சீட்டு வரை எல்லாவற்றையும் அது தின்னும். தின்றுவிட்டு, அவருக்கு ஏன் வேலை கிடைக்கவில்லை, அதில் யார் யாருக்கு எத்தனை பங்கு என்று நூற்றுக்கு நூறு பிரித்து, முத்திரையோடு ஒரு காரணச் சான்றிதழ் தரும். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் வரிசையில் மக்கள் அதையும் சலிக்காமல் வாங்கி, மூன்று நகல் எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்துக்கொண்டார்கள்.

உதவித்தொகை வேண்டுமானால் அரசின் பங்கு பாதிக்கு மேல் இருக்க வேண்டும் என்பது விதி. அப்படி இதுவரை ஒருவருக்கும் வரவில்லை. வேறென்னவோ வந்தது. பெண் பார்க்கப் போன இடத்தில் ஜாதகத்துக்கு முன்னால் காரணச் சான்றிதழைக் கேட்டார்கள். சுயப் பங்கு நாற்பதுக்கு மேல் என்றால் காபியோடு சரி. சங்க உறுப்பினர் ஜெயக்கொடிக்கு 'தாயார் 52' என்று வந்தது. கல்லூரி முதல் வருடத்தில் அவளுடைய அம்மா கருப்பை ஆபரேஷனுக்குப் படுத்தபோது, பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் இவள் பரீட்சையை விட்டிருந்தாள். ஜெயக்கொடி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மாதான் தட்டில் சோறு போட்டுக்கொள்ளும்போதெல்லாம் மகள் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். பிறகு, பெண்ணாடத்தில் இருக்கும் பெரிய மகள் வீட்டோடு போய்விட்டாள்.

"யார் காரணம்னு தெரியாம இருந்தப்ப எல்லாரும் ஒண்ணாக் கெடந்து ஒருத்தனத் திட்டிக்கிட்டிருந்தோம். நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள் ஜெயக்கொடி.

அந்த ஒருவன் தப்பித்துக்கொண்டதில் கலியமூர்த்திக்கு ரொம்பக் கோபம். முதல் சுற்றில் ஆணையத்தைப் புறக்கணிப்பது என்று சங்கம் தீர்மானம் போட்டது. தீர்மானத்தை எழுதியவர் அவர்தான். தீர்மானத்தில் ஏழு பத்தி இருந்தது. அந்தப் புறக்கணிப்பு நடந்துகொண்டிருந்தபோதே சுகந்தியின் சிறுநீரகங்கள் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகப் புறக்கணிப்பில் இறங்கின. அவள் இறந்து பதினான்கு மாதம் ஆகிறது.

வீட்டில் தனியாக உட்கார்ந்தபோது அவருக்கு ஒன்று தெரிந்தது. வெளியே போய் அரசாங்கத்தைத் திட்டிவிட்டுத் திரும்பி வந்து, "இன்னைக்கு எப்படிப் பேசினேன் தெரியுமா" என்று சொல்ல ஆள் இல்லாவிட்டால், திட்டுவதில் பாதி ருசி போய்விடுகிறது.

பாதி ருசியோடு எத்தனை நாள் ஓட்டுவது? அதனால்தான் புறக்கணிப்பைக் கைவிட்டு, காரணியை அதன் வாயாலேயே மாட்டவைப்பது என்று புதுத் தீர்மானம் போட்டார். சங்கத்திலேயே பழைய பதிவு அவருடையது. பழிவாங்கப்பட்டவர் என்பதை ஊரே அறியும். அவருக்கே அரசின் பங்கு பாதிக்கு மேல் வராவிட்டால் வேறு யாருக்கு வரும்? விண்ணப்பித்தார். பதினைந்தாம் நாள் சான்றிதழ் வந்தது.

சங்கப் பொருளாளர் வரதப்பன்தான் அதைக் கொண்டுவந்தார். வரதப்பன் பி.காம்., ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவர். ஆட்டோக்கள் ஆளில்லாமல் தாமே ஓடக் கற்றுக்கொண்ட பிறகு முழுநேரப் பொருளாளர் ஆனார். உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் தாளின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார்.

"படிங்க வரதப்பன். அரசு எவ்வளவு?"

"சைபர்."

"சைபரா? சரி, அது எதிர்பார்த்ததுதான். நான் எவ்வளவு?"

"நீங்களும் சைபர் செயலாளரே."

கலியமூர்த்தி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இந்த மாவட்டத்துலயே சுயப் பங்கு சைபர் வாங்கின ஒரே ஆளு நீங்கதான். ஒரு குத்தமும் இல்லாத மனுசன்னு கவர்மென்டே முத்திரை குத்திக் குடுத்திருக்கு. ஃபிரேம் போட்டு மாட்டலாம்." வரதப்பன் சிரிக்க முயன்றார்.

"அப்ப யாருதான்யா காரணம்?"

வரதப்பன் தாளை நீட்டினார். தொலைபேசி நிறுவனம், இதரர் எல்லாம் சேர்ந்து பதிமூன்று. மேலே தடித்த எழுத்தில்: சுகந்தி, கணவர் பெயர் கலியமூர்த்தி, எண்பத்தேழு. கீழே காரணச் சம்பவம்: பதிவு உரிய நாளில் புதுப்பிக்கப்படாததால் பதிவு மூப்பு ரத்தானது.

மூன்று வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். ஊரில் முந்நூறு பேருடைய புதுப்பிக்கும் தேதியைக் கலியமூர்த்தி நாட்குறிப்பில் எழுதிவைத்து, வீடு வீடாகப் போய் நினைவூட்டுவார். அவருடைய தேதி மட்டும் அந்த நாட்குறிப்பில் இல்லை. அது சுகந்தியின் வேலை. சிறையிலிருந்து வந்தபோது "புதுப்பிச்சாச்சா?" என்று கேட்டார். "அதெல்லாம் ஆச்சு, குளிச்சிட்டு வாங்க" என்றாள். குளித்துவிட்டு வந்து சாப்பிட்டார். அத்தோடு மறந்துவிட்டார்.

அவர் பெயரை யாரும் வெட்டவில்லை. அந்தப் பட்டியலில் பெயரே இருந்திருக்கவில்லை.

"நான் ஒண்ணு சொல்லட்டுமா," என்றார் வரதப்பன், "தப்பா நெனைக்கக் கூடாது. இது நமக்கு அடிச்ச யோகம். செத்துப்போன பொம்பள மேல பழி போடுற அரசுன்னு ஒரு போஸ்டர். அக்கா படத்தப் பெருசாப் போட்டு..."

"அவ படத்தத் தொடக் கூடாது."

"சரி, தொடல."

வரதப்பன் போன பிறகு அந்த மதியம் முழுவதும் கலியமூர்த்தி சுவரில் இருந்த படத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். உண்மையைச் சொல்வதானால் கோபம்தான். ஒரு சின்ன வேலை. ஒரு எண்ணை அடித்து ஒரு பொத்தானை அமுக்குகிற வேலை. அதைக்கூடச் செய்யவில்லை, செய்ததாகப் பொய் வேறு. இருபத்துநான்கு வருடமாகத் தன்னை மேடையில் ஏற்றிவிட்டுக் கீழே உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருக்கிறாள். அரசாங்கத்தின் மேல் கோபப்பட்டுப் பழகிய உடம்பு என்பதால் கோபம் நன்றாகவே வந்தது. வீட்டுக்குள்ளேயே ஆள் கிடைத்ததும் அதற்கு இன்னும் சௌகரியமாக இருந்தது.

நாலு மணிக்குத் தாளை மறுபடி எடுத்து, புதுப்பித்திருக்க வேண்டிய தேதியைப் பார்த்தார். விரல் விட்டு எண்ணினார். சிறையில் ஒன்பதாம் நாள். அன்று அவர் உண்ணாவிரதம் இருப்பதாக அறிவித்து, மதியம் கம்பங்கூழ் போட்டதும் கைவிட்டிருந்தார். வெளியே அவள் தனியாக இருந்திருக்கிறாள்.

அதற்கப்புறம்தான் சுவரை நிமிர்ந்து பார்த்தார்.

மேல்முறையீட்டு விசாரணை கடலூரில். ஆணையத்துக்குச் சொந்தக் கட்டடம் இன்னும் கட்டி முடியாததால் ஒரு பழைய கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். மணமகன் அறைக்குள் இயந்திரங்கள் உறுமிக்கொண்டிருந்தன. மணமேடையில் விசாரணை மேசை. பந்தி பரிமாறுகிற கூடத்தில் மனுதாரர்கள் வரிசையாக உட்கார்ந்து, அடுத்த இலைக்குக் காத்திருப்பதுபோல் டோக்கன் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் ஒரே வேண்டுதலோடு வந்தவர்கள்: என் பங்கைக் குறை, அரசு பங்கைக் கூட்டு.

வழியெல்லாம் வரதப்பன் கெஞ்சிக்கொண்டே வந்திருந்தார். "நீங்க உங்க மேல போட்டுக்கிட்டா 'என் பெயரை வெட்டினார்கள்' என்னாவுறது? சங்கம் என்னாவுறது? ஒங்க அஜாக்கிரதைலதான் வேலை போச்சுன்னு தெரிஞ்சா, நாளைக்கு எவனாவது நம்ம பின்னால கோஷம் போடுவானா? டீக்கடைல என்னய நிக்க விடுவானுங்களா?"

"ஒன்னயும் என்னயும் டீக்கடைல இப்பவும் கடனுக்குத்தான் நிக்க விடுறான்."

"அது வேற."

மேடையில் இருந்த அதிகாரி பெயர் ஷர்மிளா பானு. முப்பத்தைந்து வயது இருக்கும். மேசைமேல் சோற்று டப்பா, ஒரு தலைவலித் தைலம். கோப்பைத் திறந்து, பார்க்காமலே கேட்டார். "எந்தப் பங்கைக் குறைக்கணும் சார்?"

"மனைவியோடது."

"அதைக் கொண்டுபோய் எங்க சேர்க்கணும்? அரசுலயா?"

"இல்லம்மா. என் பேர்ல."

ஷர்மிளா பானு முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "உங்க பேர்லயா?"

"முழுசா. எண்பத்தேழும். அதுக்குப் படிவம் இருக்காது, தெரியும். வெள்ளைத் தாள்ல எழுதிக் கொண்டாந்திருக்கேன்."

அந்த வெள்ளைத் தாளில் எட்டுப் பத்தி இருந்தது. மூன்றாவது பத்தியில் வழக்கம்போல அரசாங்கத்தைத் திட்டியும் இருந்தார். கை அதுபாட்டுக்கு எழுதிவிட்டது.

"ரெண்டு நிமிஷம் இருங்க சார்." அவர் திரையில் எதையோ தேடினார். நெற்றி சுருங்கியது. "உங்களுக்கு இது எப்படி வேலை செய்யுதுன்னு தெரியுமா?"

"ஏதோ கூட்டிக் கழிக்கும்."

"உங்க வாழ்க்கையத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பாக்கும் சார். லட்சம் தடவை. ஒவ்வொரு தடவையும் ஒண்ணே ஒண்ண மாத்தும். இந்த ஆளு இதைச் செய்யாம இருந்திருந்தா, அந்த பஸ்ஸு லேட்டா வராம இருந்திருந்தா, வேலை கிடைச்சிருக்குமான்னு. எதை மாத்தினா அதிகத் தடவை வேலை கிடைக்குதோ, அதுக்குப் பங்கு அதிகம்."

"அப்ப அரசாங்கத்த மாத்திப் பாக்கறதில்லையா?"

அவர் மணமகன் அறைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். குரல் தணிந்தது. "அரசுன்னு ஒரு ஆள் கிடையாது சார். இருநூத்துப் பதினாலு துறை இருக்கு. ஒவ்வொண்ணையும் தனித்தனியாத்தான் மாத்திப் பாக்கும். ஒண்ணொண்ணுக்கும் கால், அரைன்னு வரும். ஒண்ணுக்குக் கீழ வந்தா விட்டுடணும்னு விதி."

"விட்டுட்டு?"

"விட்டதை எல்லாம் பக்கத்துல இருக்கற மனுஷங்க தலையில பிரிச்சுப் போட்டுடும்."

பின்னால் நின்றிருந்த வரதப்பன், "பிரியாணி பொட்டலம் மாதிரி" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

கலியமூர்த்திக்கு வேறொரு நினைவு ஓடிக்கொண்டிருந்தது. "அந்த லட்சம் தடவையில, எனக்கு வேலை கிடைக்கற தடவையெல்லாம் பாத்திருப்பீங்களே."

"நான் பாக்கல. அது பாத்திருக்கும்."

"அதுல எத்தன தடவை அவ உயிரோட இருக்கா?"

அதிகாரி தைல டப்பாவை எடுத்துத் திறக்காமல் திரும்ப வைத்தார். "வேலை கிடைக்குதா இல்லையாங்கறது மட்டும்தான் சார் நாங்க கேக்கறோம். மத்தத அது எடுத்து வைக்கறதில்ல."

"சரி."

"சார், உங்க மனுவுக்குப் படிவம் இருக்கு. படிவம் ஏழு. அடுத்தவர் பங்கைத் தானே ஏற்கும் படிவம். சட்டம் எழுதினவங்க ஏதோ நெனச்சுச் சேத்துட்டாங்க. ஆரம்பிச்ச நாள்லேருந்து இந்த மாவட்டத்துல ஒரே ஒருத்தர்தான் அதைப் போட்டிருக்காங்க."

"அப்ப நான் ரெண்டாவது."

"நீங்க போட முடியாது. ஒரு கோப்புல ஒரு தடவைதான் போடலாம். உங்க கோப்புல ஏற்கெனவே போட்டாச்சு."

திரையை அவர் பக்கம் திருப்பினார்.

முதல் சுற்று முடிவுகள், விண்ணப்பிக்காதவர்களுக்கும் சேர்த்து, ரேஷன் அட்டையில் குடும்பத் தலைவியாக இருந்தவர்களின் கைப்பேசிக்குத்தான் போயிருக்கின்றன. கலியமூர்த்தி ஏழு பத்தியில் புறக்கணித்துக்கொண்டிருந்த அதே வாரத்தில், சுகந்தியின் கைப்பேசிக்கு வந்த முடிவு இப்படி இருந்தது. கலியமூர்த்தி எண்பத்தொன்று. சுகந்தி ஆறு. மற்றவை பதிமூன்று. அரசு சைபர்.

அதற்குக் கீழே காரணி நுணுக்கி நுணுக்கி எடுத்துவைத்திருந்த பட்டியல். சிறையில் அவருடைய ஒன்பதாம் நாள். காலை ஆறு மணி இருபது நிமிடம் முதல் சாயங்காலம் ஐந்தே முக்கால் வரை, கலியமூர்த்தியின் பதிவைப் புதுப்பிக்கச் சுகந்தி நாற்பத்தொரு தடவை முயன்றிருக்கிறாள். நாற்பத்தொரு தடவையும் ரகசிய எண் அவருடைய கைப்பேசிக்குத்தான் போயிருக்கிறது. கைப்பேசி, அவருடைய பெல்ட்டோடும் செருப்போடும், சிறை அலுவலகத்தில் துணிப்பைக்குள் கிடந்தது. மதியம் இரண்டரைக்கு அவள் அங்கன்வாடியில் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டுச் சிறை வாசலுக்கு வந்திருக்கிறாள். பார்வை நேரம் முடிந்துவிட்டது என்று திருப்பி அனுப்பியதும் பதிவாகி இருக்கிறது. அந்த வருடம்தான் தாமதமாகப் புதுப்பிக்கும் சலுகையை நிறுத்தியிருந்தார்கள்.

கைதான அன்று மாலையே கையெழுத்துப் போட்டுவிட்டு எல்லோரோடும் வெளியே வந்திருந்தால் அந்த எண் கைக்கு வந்திருக்கும். காரணி அதைத்தான் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்திருக்கிறது. கையெழுத்துப் போட்ட தடவையெல்லாம் அவருக்கு வேலை.

"அவங்க நேர்லதான் வந்தாங்க" என்றார் ஷர்மிளா பானு. "கை வீங்கியிருந்துச்சு. டயாலிசிஸ் முடிச்சுட்டு நேரா வர்றேன்னாங்க. நான் தட்டச்சு செஞ்சு தர்றேம்மான்னு சொன்னேன். வேண்டாம், எனக்கு எழுத வரும்னு அவங்களே எழுதினாங்க. காரணம் சரியில்லன்னு நான் நிராகரிச்சிருக்கலாம். படிச்சப்புறம் நிராகரிக்கத் தோணல."

அடுத்த பக்கத்தைத் திறந்தார். படிவம் ஏழு. சுவரில் ஒட்டுகிற அட்டைகளில் அ, ஆ எழுதிப் பழகிய கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் வயிறு நிறைந்து. 'பங்கை ஏற்பதற்கான காரணம்' என்ற கட்டத்துக்குள் அடங்காமல் ஓரத்தில் வளைந்து போயிருந்தது.

'என் கணவருக்கு அரசாங்கத்தைக் குறை சொல்வது ஒன்றுதான் வேலை. கல்யாணமான நாளிலிருந்து ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காமல் செய்துவருகிறார். இந்தத் தாளைப் பார்த்தால் அந்த வேலையும் போய்விடும். இந்த வயதில் அவருக்கு வேறு வேலை கிடைக்காது. ஆகவே அவருடைய பங்கை என் பேரில் மாற்றித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

கலியமூர்த்தி இரண்டு தடவை படித்தார். முதல் தடவை சிரிப்பு வந்தது. அவள் சொல்கிற மாதிரியே இருந்தது. இரண்டாவது தடவை 'பணிவுடன்' என்ற சொல்லைத் தாண்ட முடியவில்லை. அவர் பேச்சுக்களில் ஒரு தடவைகூட அந்தச் சொல் வந்ததில்லை.

வரதப்பன் எட்டிப் படித்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அக்கா நம்மள நல்லாத்தான் எடை போட்டிருக்காங்க" என்றார்.

"இதை ரத்து பண்ணுங்கம்மா" என்றார் கலியமூர்த்தி.

"ஏத்துக்கிட்டவங்கதான் சார் ரத்து பண்ணணும்."

"அவதான் இல்லையே."

"அப்ப அப்படியே நிக்கும்."

கலியமூர்த்தி எழுந்திருக்கவில்லை. கூடத்தில் அடுத்த டோக்கன் எண்ணை இரண்டு தடவை கூப்பிட்டார்கள். இருபத்தேழு வருடம் அரசு அலுவலக மேசைகளுக்கு எதிரே உட்கார்ந்தவர். இதுவரை எதையும் வாங்கிக்கொண்டு எழுந்ததில்லை என்றாலும், சட்டென எழுந்ததும் இல்லை.

"ஒருத்தர் செத்துட்டா அவங்க பேர்ல இருக்கறது யாருக்கும்மா போகும்?"

"என்னது சார்?"

"வீடு இருந்தா வாரிசுக்கு. நகை இருந்தா வாரிசுக்கு. பழி இருந்தா?"

ஷர்மிளா பானு அவரையே பார்த்தார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து சட்டப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். நிதானமாகப் புரட்டினார். வரதப்பன் அதற்குள் மூன்று தடவை செருமிவிட்டார்.

"கூடாதுன்னு எங்கயும் போடல" என்றார் கடைசியில். "பங்குன்னுதான் எழுதியிருக்கு. பங்குன்னா சொத்து மாதிரிதான். வாரிசுச் சான்றிதழ் கொண்டாந்தீங்கன்னா மாத்தித் தர்றேன். ஆனா வாரிசுன்னா எல்லாம் வரும். அவங்களோட ஆறும் சேர்ந்து."

"வரட்டும்."

"ஊருக்கே தெரியும். இணையத்துல போட்டுருவாங்க. மாவட்டத்துலயே உங்களுதுதான் அதிக சுயப் பங்கா இருக்கும்." அவர் புத்தகத்தை மூடினார். பிறகு, சொல்லலாமா என்று யோசித்துச் சொன்னார். "இன்னொண்ணு. அடுத்தவர் ஏத்துக்கிட்ட கோப்புல அரசோட சைபரப் பத்திக் கேள்வி கேக்க முடியாது. சொந்தப் பேர்ல இருந்தா கேக்கலாம். துறைகளையெல்லாம் கூட்டிப் பாருங்கன்னு மனு போடலாம். இதுவரைக்கும் யாரும் போடல. எல்லாரும் தன் பங்கைக் குறைக்கத்தானே வர்றாங்க."

"இதெல்லாம் எனக்கு ஏம்மா சொல்றீங்க? உங்க வேலைக்கு ஆபத்து வராதா?"

"பதினோரு மாச ஒப்பந்தம் சார், ஒரு தடவை நீட்டிச்சாங்க. அடுத்த மாசம் முடியுது. அப்புறம் நானும் கீழ உங்க வரிசையில உட்காரப்போறவதான்."

அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் கலியமூர்த்தி கையை உயர்த்தினார். குரலை இறக்கினார். கூட்டம் வழக்கமான வரிக்காகக் காத்திருந்தது. "என் பெயரை யாரும் வெட்டல" என்றார். பிறகு நாற்பத்தொரு தடவையைப் பற்றிச் சொன்னார். சொல்லி முடித்தபோது நான்கு பேர் எழுந்து போயிருந்தார்கள், ஒருவர் விசில் அடித்தார். ஜெயக்கொடி மட்டும் கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்துவிட்டு, பெண்ணாடத்துக்குப் போகிற பேருந்து எத்தனை மணிக்கு என்று வரதப்பனிடம் கேட்டுக்கொண்டு போனாள்.

அடுத்த நாள் வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வரிசை வாசலைத் தாண்டி வேப்பமரம் வரை இருந்தது. இரண்டு மணி நேரமாக நகரவில்லை. முன்னால் நின்ற ஆள் திரும்பி, இந்த அரசாங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ஆமோதிப்புக்காக அவர் முகத்தைப் பார்த்தார். கலியமூர்த்திக்கு வாய் வரைக்கும் வந்தது. ஆனால் இங்கே எந்தத் துறையில் எத்தனை காலியிடம், ஏன் ஒரு ஜன்னல்தான் திறந்திருக்கிறது என்று முதலில் விசாரிக்க வேண்டும் என்று தோன்றியதால், பையிலிருந்து நாட்குறிப்பை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்த எழுத்தர் விண்ணப்பத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "இறந்தவர் மனைவி. வாரிசு நீங்க ஒருத்தர்தானா?"

"ஒருத்தன்தான்."

"எதுக்குச் சான்றிதழ்ங்கற இடத்துல 'எண்பத்தேழு'ன்னு மட்டும் எழுதியிருக்கீங்க. என்னது இது, சென்ட்டா, சதுர மீட்டரா?"

"நூத்துக்கு."

எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். விஷயம் ஊருக்குள் வந்துவிட்டிருந்தது. முத்திரையை மையில் அழுத்தியபடியே, "வேண்டாம்னு எழுதிக் குடுத்தா விட்டுடலாம் சார்" என்றார். "சொத்தை வேண்டாம்னு சொல்லக் கூடாதுன்னு சட்டம் இல்ல."

"தெரியும்" என்றார் கலியமூர்த்தி. "அவ எனக்குன்னு சேத்து வெச்சது இது ஒண்ணுதான். குடுங்க."